சூடம் அணைத்த கை

9 மார்ச் 2025

என் அக்கா பிரேமலாவுக்கு,

தம்பி ரூபேந்திரன் எழுதிக்கொள்வது. ஜெயிலுக்குள்ளே இருப்பவனிடம் சௌக்கியமா என்று கேட்டால் என்ன சொல்ல? சோறு இறங்குகிறது, தூக்கம் வருகிறது, பல்வலி போய்விட்டது. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? கடையில் அடுப்புப் பக்கத்திலேயே நிற்காதே, ஸ்டூல் போட்டு உட்கார் என்று எத்தனை தடவை சொல்லிவிட்டேன். நீ கேட்கிற ஆளா?

இங்கே கடிதங்களைப் படித்துப் பார்த்த பிறகுதான் வெளியே விடுவார்கள். அதனால் சினிமாவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

மாமா பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிக் குவித்த கௌபாய் படங்கள் ஞாபகம் இருக்கிறதா? லீவு நாள் மதியம் சாப்பிட்டுவிட்டு நானும் மாமாவும் தரையில் படுத்துக்கொண்டு பார்ப்போம். நீ பின்னால் துணி மடித்துக்கொண்டே, "எல்லாம் ஒரே படம்தானே, குதிரை மட்டும் வேற" என்பாய். அதில் ஒரு படத்தை இப்போது அடிக்கடி நினைக்கிறேன். ஒருவன் தன் சொந்தக்காரனைக் கொன்ற ஆளைத் தேடி ஒரு ஊருக்குள் வருவான். கொன்றவன் அந்த ஊருக்கே பெரிய மனுஷன். ஷெரீஃப் அவன் வீட்டில்தான் விருந்து சாப்பிடுவார். வந்தவன் சுடுவான், ஆனால் குண்டு தோளில் பட்டுவிடும். வந்தவனைப் பிடித்து உள்ளே போடுவார்கள். படம் முடிந்தது என்று நான் எழுந்தால் மாமா காலைப் பிடித்து இழுப்பார். "உட்காருடா, இது இடைவேளைதான்."

எனக்குத் தீபாவளி முடிந்த கையோடு இடைவேளை முடிகிறது, அக்கா. மாமாவின் தொப்பியைத் தூசி தட்டி வை. வந்ததும் எனக்கு அது வேண்டும்.

இப்படிக்கு
படத்தின் மீதியைப் பார்க்கக் காத்திருக்கும்
ரூபன்


25 மார்ச் 2025

ரூபா,

கடிதம் வந்தது. சினிமாவைப் பற்றி எழுதினாயாம்! அடேய், உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். நீ எதை இடைவேளை என்கிறாய் என்று எனக்குத் தெரியாதா? கடிதத்தைப் படிக்கிற ஐயாவுக்கு வேண்டுமானால் தெரியாமல் இருக்கும். அவருக்கும் தெரியட்டும் என்றுதான் பச்சையாக எழுதுகிறேன். ஐயா, வணக்கம். இவன் வெளியே வந்ததும் குத்தகையாளர் மகேஸ்வரனைத் தீர்த்துக்கட்டப் போகிறானாம். அவனுடைய அக்கா நான் வேண்டாம் என்கிறேன். எங்கள் வீட்டில் ஓடுகிற சினிமா இதுதான்.

ஐயா படிப்பதால் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். என் கணவருக்கு முதலாளி இந்த மகேஸ்வரன், அவன் லாரியைத்தான் ஓட்டினார். தோட்டத்திலிருந்து செம்பனைக் குலை ஏற்றி ஆலைக்குக் கொண்டுபோகிற வேலை. அன்றைக்குக் காலையில் எனக்குப் போன் செய்தார். "பிரேக் பிடிக்கல பிரேமா. தவுக்கேகிட்ட சொல்லிட்டேன். காளியம்மா அக்கா பக்கத்துலதான் நின்னாங்க. ஒரே ஒரு ட்ரிப் அடிச்சிட்டு வா, சாயங்காலம் பார்க்கலாம்கிறான்" என்றார். எட்டாம் கட்டை மேட்டிலிருந்து இறங்கும்போது லாரி நிற்கவில்லை. பாலத்தில் மோதி ஆற்றுக்குள் போனது. என் வீட்டுக்காரரும் போனார், குலை ஏற்றக் கூடப் போன பையன் மனோகரனும் போனான். மனோகரன் அந்தக் காளியம்மா அக்காவின் மூத்த மகன்.

மகேஸ்வரன் என்ன சொன்னான்? பிரேக் நன்றாக இருந்தது, யாரும் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, கமலநாதன் தூங்கிவிட்டான் என்றான். ஊர் அதையே பிடித்துக்கொண்டது. லாரியை அடுத்த வாரமே பழைய இரும்புக்குப் போட்டுவிட்டான். காளியம்மா அக்கா தன் காதால் கேட்டதை மறந்துபோனார். இன்றுவரை என் கடை வாசலைக் கடக்கும்போது, "எம் பிள்ளையைத் தின்னவன் பொண்டாட்டி" என்று சொல்லிவிட்டுத்தான் போகிறார். அவருடைய இரண்டாவது மகனுக்கு வேலையும் குடியிருக்க வீடும் கொடுத்திருப்பது மகேஸ்வரன்.

நீ என்ன செய்தாய்? பாராங் கத்தியைத் தூக்கிக்கொண்டு போய் அவன் வலது கையில் போட்டாய். அதனால் யாருக்கு என்ன வந்தது? அதுவரைக்கும் குற்றவாளியாக இருந்தவன் அன்றையிலிருந்து பாவப்பட்டவன் ஆகிவிட்டான்.

நான் சும்மா இல்லை. சிகாமட்டில் ஆப்ரின் என்று ஒரு வக்கீல் இருக்கிறார், சின்ன வயசு, ஆனால் வாய் என்னை மாதிரி. மகேஸ்வரன் மேல் கேஸ் போட்டிருக்கிறோம். பிரேக் இல்லை என்று தெரிந்தே அனுப்பினான் என்று நீதிபதி சொல்ல வேண்டும். உன் மாமா தூங்கவில்லை என்று சொல்ல வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம். சாட்சிதான் இல்லை.

தொப்பியை ஆணியில் மாட்டியிருக்கிறேன். உனக்குத் தரமாட்டேன்.

கோபத்தோடும் பாசத்தோடும்
அக்கா


20 ஏப்ரல் 2025

அக்காவுக்கு,

உனக்குச் சந்தோஷம்தானே? உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஐயா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் புத்திமதி சொன்னார். கடைசியில், "உங்க அக்கா கடையில தோச நல்லா இருக்குமா?" என்று கேட்டார். நல்லா இருக்கும், வாய்தான் காரம் என்றேன்.

இனி மறைத்து எழுத ஒன்றும் இல்லை. ஆமாம், செய்யத்தான் போகிறேன். நீ கேஸ் என்கிறாய். நாம் பார்த்த படங்களில் நீதிபதி எப்போது வருவார்? எல்லாம் முடிந்து புழுதி அடங்கியபிறகு, கோட்டைத் தட்டிக்கொண்டு வண்டியிலிருந்து இறங்குவார். ஊர்க்காரர்கள் என்ன செய்வார்கள்? குதிரைச் சத்தம் கேட்டதும் ஜன்னலைச் சாத்துவார்கள். அது அமெரிக்கா, இது நம்ம ஊர் சாஆ, அவ்வளவுதான் வித்தியாசம். காளியம்மா அக்கா சாத்தவில்லையா? பெற்ற பிள்ளையே போயும் சாத்திக்கொண்டார் பார்!

அவன் கையை வெட்டியதற்கு நான் உள்ளே இருக்கிறேன். என் மாமாவையும் மனோகரனையும் தெரிந்தே சாகவிட்டதற்கு அவனுக்குக் கோயில் தலைவர் பதவி, மாலை, முதல் மரியாதை. இதுதான் நீதி என்றால் அதை நீயே வைத்துக்கொள். தோசைக்கடை வைத்திருக்கிற பொம்பளை கேஸ் போட்டு ஜெயித்த கௌபாய் படம் ஒன்று சொல்லு, அப்புறம் நான் அடங்குகிறேன்.

மாமாவை நீ மறந்துவிட்டாயோ என்று சில நேரம் பயமாக இருக்கிறது.

ரூபன்


1 ஜூன் 2025

ரூபா,

கடைசி வரியை எழுதும்போது உன் கை கூசவில்லையா? மறந்துவிட்டேனா? காலையில் எழுந்தால் இன்னும் இரண்டு டம்ளரில் தேநீர் ஊற்றுகிறேன்டா, மடையா. இதற்குப் பதில் எழுத எனக்கு இவ்வளவு நாள் ஆனது.

அந்தப் படங்களை நீ மட்டும்தான் பார்த்தாயா? நான் துணி மடித்தாலும் எனக்கும் கண் இருந்தது. நீ துப்பாக்கியை மட்டும் பார்த்தாய். அவருக்கு எந்தக் காட்சி பிடிக்கும் என்று சொல்லட்டுமா? ஒரு படத்தில் ஊரே கயிறும் தீப்பந்தமுமாகத் திரண்டு வரும். சிறைக்குள் இருப்பவன் நல்லவன் இல்லை, கொலைகாரன்தான். ஷெரீஃப் தொந்தி விழுந்த கிழவர். அவர் வந்து சிறை வாசல் படியில் உட்கார்ந்துவிடுவார். "நாளைக்கு நீதிபதி வருவார். அதுவரைக்கும் இவனை யாரும் தொட முடியாது" என்பார். சுடவும் மாட்டார், கத்தவும் மாட்டார். விடிகிறவரைக்கும் அப்படியே உட்கார்ந்திருப்பார். நீ, "போர் மாமா, ஓட்டி விடுங்க" என்று கத்துவாய். அவர் ஓட்டமாட்டார், திரும்பப் போடுவார். "சுடறதுக்கு என்னடா, எவன் வேணும்னாலும் சுடுவான். உட்கார்றதுதான் கஷ்டம்" என்பார். நீ அதற்குள் மீ கோரெங் வாங்கித் தின்னப் போயிருப்பாய்.

சரி, தோசைக்கடைக்காரி என்ன செய்வாள் என்று கேட்டாய். கேள். ஆகஸ்ட் மூன்றாம் தேதி எட்டாம் கட்டை முனியாண்டி கோயில் திருவிழா. உச்சிப் பூசை முடிந்து, ஊர் மொத்தமும் நிற்கும்போது, தலைவர் மகேஸ்வரனுக்கு மாலை போடுவார்கள். அப்போது நான் சூடத்தைக் கொளுத்திக்கொண்டு போய் அவன் முன்னால் நிற்கப் போகிறேன். "கமலநாதன் என்னிடம் பிரேக்கைப் பற்றிச் சொல்லவில்லை என்று சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணு" என்று கேட்கப் போகிறேன். அந்தக் கோயிலில் பொய்ச் சத்தியம் பண்ணியவன் யாரும் இதுவரை இல்லை. திருடினவன்கூடச் சூடத்தைப் பார்த்ததும் ஒத்துக்கொண்டிருக்கிறான். மகேஸ்வரனுக்கு மனுஷன்மேல் பயம் கிடையாது, முனிமேல் உண்டு. லாரி வாங்கினால் சாவியை அங்கே வைத்து எடுக்காமல் ஓட்டமாட்டான்.

அவன் சத்தியம் பண்ண மறுத்தாலே போதும், ஊருக்குப் புரிந்துவிடும். ஆப்ரினிடம் சொன்னேன். "இது கோர்ட்டுல செல்லாதுக்கா" என்றார். கோர்ட்டுக்கு இல்லைம்மா, ஊருக்கு என்றேன்.

நடுத்தெருவில் துப்பாக்கியோடு எதிரெதிராக நிற்பார்களே, அது உனக்குப் பிடிக்குமே. உன் அக்கா சூடத்தட்டோடு நிற்பாள்.

அக்கா


22 ஜூன் 2025

என் தங்க அக்காவுக்கு,

அலமாக்! படித்துவிட்டு எழுந்து நின்றுவிட்டேன். உன்னிடம் இவ்வளவு இருக்கும் என்று நினைக்கவில்லை. அதுவும் உச்சி வெயிலில், ஊர் நடுவில்! இதை மாமா பார்க்கவேண்டுமே.

அவன் கை நடுங்கப் போகிறது. எல்லார் முன்னாலும் நடுங்கப் போகிறது. அதை நீ நன்றாகப் பார்த்து எனக்கு எழுது, ஒன்றையும் விட்டுவிடாதே. மூன்றாம் தேதி மதியம் நான் இங்கே சோறு தின்னாமல் உன்னை நினைத்துக்கொண்டிருப்பேன்.

பயப்படாதே. நீ பயப்படமாட்டாய்.

ரூபன்


6 ஆகஸ்ட் 2025

ரூபேந்திரனுக்கு,

நன்றாகப் பார்த்து எழுதச் சொன்னாய். எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

பூசை முடிந்தது. மகேஸ்வரனுக்கு மாலை விழுந்தது, மேளம் நின்றது. நான் தட்டை எடுத்துக்கொண்டு போனேன். கூட்டம் தானாக விலகியது.

"தவுக்கே, சாமி முன்னால ஒரு வார்த்தை கேக்கணும்" என்றேன்.

"என்ன பிரேமா, திருவிழா நாள்ல? பொம்பளைன்னு பார்க்கிறேன்" என்றான்.

"பார்க்காதீங்க. கமலநாதன் பிரேக் பிடிக்கலன்னு உங்ககிட்ட சொன்னாரா, இல்லையா?"

ஊர் நடுவில் நின்று அவர் பெயரை என் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. உயிரோடு இருந்தவரைக்கும் ஒரு நாளும் சொன்னதில்லை. சொன்னதும் தட்டை இன்னும் கிட்டே நீட்டினேன்.

"சொல்லல" என்றான்.

"அப்ப சூடத்தை அணைச்சு சத்தியம் பண்ணுங்க."

பூசாரி கண்ணை மூடிக்கொண்டார். மகேஸ்வரன் முகம் வெளுத்தது, அதை நான் பார்த்தேன். ஒரு நிமிஷம் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு சிரித்தான். சட்டைக் கையை மடித்தான். நீ வெட்டிய தழும்பு முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஓடியது. அந்த வலது கையை விரித்துச் சூடத்தின்மேல் வைத்தான். அடித்து அணைக்கவில்லை. மெதுவாக, பிள்ளையின் தலையில் கை வைப்பதுபோல வைத்தான். "கமலநாதன் எங்கிட்ட சொல்லவே இல்ல. முனியாண்டி சத்தியம்" என்றான். கை அப்படியே இருந்தது. தோல் கருகுகிற நாற்றம் எனக்கு வந்தது. அவன் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. பூசாரிதான் பதறிப்போய் அவன் கையைப் பிடித்துத் தூக்கினார்.

"பாருங்கய்யா, கை நடுங்கவே இல்ல! பொய் சொல்றவன் கை இப்படி நிக்குமா?" என்று யாரோ கத்தினார்கள். கூட்டம் கைதட்டியது. கோயிலில் கைதட்டினார்கள், ரூபா.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உன் கேஸில் டாக்டர் வந்து சொன்னாரே, நீ கூண்டிலும் நான் பெஞ்சிலும் இருந்து கேட்டோமே. விரல் அசையும், ஆனால் அந்தக் கைக்கு இனிச் சூடும் தெரியாது, குளிரும் தெரியாது என்றார். அதை நான் எப்படி மறந்தேன்? நீ எப்படி மறந்தாய்? கை நடுங்கும் என்று எழுதினாயே, மரத்துப்போன கை எங்கேடா நடுங்கும்?

"இடது கையால பண்ணச் சொல்லுங்க!" என்று கத்திவிட்டேன். அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் என்மேல் பாய்ந்தது. "சாமிக்கு இடது கையா? உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?" என் பக்கம் நின்ற இரண்டு மூன்று பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். சத்தியத்துக்கு வலது கைதான். அதை நானும்தான் காலம் முழுக்கச் சொல்லி வளர்ந்தவள்.

தட்டை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அழவில்லை. எனக்கு வந்ததெல்லாம் ஆத்திரம், அதுவும் உன்மேல். நீ பழிவாங்கினாய் அல்லவா, எதைப் பழிவாங்கினாய் தெரியுமா? அவனிடம் பயப்படக்கூடிய ஒரே ஒரு கை இருந்தது. அதை நீ வெட்டிப் போட்டுவிட்டாய். அந்தக் கையை வைத்தே அவன் உன் மாமாவை இரண்டாம் தடவை கொன்றான்.

நீ வெளியே வந்தால் உன் இஷ்டம். கத்தியோடு வருவதாக இருந்தால் என் வீட்டுக்கு வராதே. தண்ணீர்கூடத் தரமாட்டேன். நான் கேஸை விடப் போவதில்லை. சாட்சி இல்லாவிட்டால் நானே கூண்டில் ஏறி அவர் போனில் சொன்னதைச் சொல்வேன். செல்லாது என்று நீதிபதி எழுந்து போகட்டும், நான் சொல்லி முடித்துவிட்டுத்தான் இறங்குவேன்.

பிரேமலா


14 செப்டம்பர் 2025

ரூபாவுக்கு,

பதில் இல்லை. சரி, நான் எழுதியதும் அப்படித்தான். பார்க்க வரலாம் என்று பார்த்தேன், கடையை விட்டு வர முடியவில்லை. இல்லை, பொய். வந்தால் திட்டுவேன் என்று வரவில்லை.

ஆனால் இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். போன செவ்வாய்க்கிழமை காலை, பசியாற வருகிற கூட்டம் நெரிகிற நேரம், காளியம்மா அக்கா கடைக்கு வந்தார். மனோகரன் போனதிலிருந்து கடைக்குள் கால் வைக்காதவர். நான் கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றேன், திட்ட வந்தால் திட்டட்டும் என்று.

அவர் திட்டவில்லை. "அவன் கை வெந்துபோச்சு பிரேமா. கட்டுப் போட்டிருக்கான். கைல புண்ணு வந்ததே அவனுக்குத் தெரியல, நாந்தான் கொப்புளத்தைப் பார்த்துச் சொன்னேன்" என்றார். பிறகு, "சாமி முன்னால பொய் சொல்லிட்டான். நான் கூழ்ப் பானைக்குப் பக்கத்துல நின்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். வாயைத் திறக்கல. அப்ப நானும் சேர்ந்துதானே சத்தியம் பண்ணேன்?" என்றார்.

கடையில் எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். அவர் எல்லார் முன்னாலும் சொன்னார். லாரி விழுந்த அன்றைக்கு அவர் தோட்டத்தில் செம்பனை உதிரிப் பழம் பொறுக்கிக்கொண்டு லாரிக்குப் பக்கத்தில்தான் இருந்தாராம். உன் மாமா பிரேக் பிடிக்கவில்லை என்று சொன்னதையும், மகேஸ்வரன் ஒரு ட்ரிப் என்று சொன்னதையும் கேட்டாராம். "எம் பையன் யோசிச்சான் பிரேமா. ஏறுடா, நேரமாச்சுன்னு நாந்தான் வெரட்டினேன். கேட்டுட்டு வெரட்டினேன். அதை எப்படி வெளிய சொல்லுவேன்? உம் புருஷன் தூங்கிட்டான்னு யாரோ சொன்னாங்க. அது எனக்கு வசதியா இருந்துச்சு." அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு அவர்மேல் இருந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ரெண்டு பேரும் அழுதோம். தோசை கருகிவிட்டது.

அவர் சாமி படத்துக்கு முன்னால் சூடம் ஏற்றச் சொன்னார், சத்தியம் பண்ணுகிறேன் என்றார். நான் மறுத்துவிட்டேன். "சூடம் வேணாங்க்கா. சூடத்தைப் பார்த்தாச்சு. கோர்ட்டுல வந்து வாயால சொல்லுங்க" என்றேன். சொல்கிறேன் என்றார். வேலை போனாலும் வீடு போனாலும் போகட்டும் என்றார். இப்போது அவரும் சின்ன மகனும் என் வீட்டில்தான் இருக்கிறார்கள். உன் அறையைக் கொடுத்துவிட்டேன்.

மகேஸ்வரன் பயந்துவிட்டான். அவன் ஆட்கள் ஊரெல்லாம் என்ன சொல்கிறார்கள் தெரியுமா? "இவ தம்பி ரௌடி, கத்தியைக் காட்டித்தான் அந்தக் கெழவியைச் சொல்ல வெச்சிருக்காங்க" என்கிறார்கள். ஆப்ரின் தெளிவாகச் சொல்லிவிட்டார். நீ வெளியே வந்து அவன்மேல் விரல் வைத்தாலும் காளியம்மா அக்கா சொல்வது செல்லாக்காசு ஆகிவிடும். அதுவும் போதாதென்று நம்ம பெரியப்பா மகன் யுகேந்திரன், பத்துப் பையன்களைச் சேர்த்துக்கொண்டு கோர்ட் வாசலிலேயே மகேஸ்வரனை மடக்கி அடிக்கப் போகிறேன் என்று மார் தட்டுகிறான். உன்னை மாதிரியே இன்னொருவன்! நான் சொன்னால் கேட்பதில்லை. நீ சொன்னால் கேட்பான். உனக்காகத்தான் செய்கிறானாம்.

கேஸ் அக்டோபர் 28, சிகாமட் கோர்ட். உன்னை விடுவது அதற்கு முந்தின நாள். வருகிறாயா என்று கேட்கமாட்டேன். எப்படி வருகிறாய் என்று மட்டும் எழுது.

அக்கா


22 அக்டோபர் 2025

அக்கா,

பதில் எழுதாததற்குக் காரணம், எழுத வரவில்லை. உன் ஆகஸ்ட் கடிதத்தைப் படித்துவிட்டு என் கையை நான் சூடான சூப் கிண்ணத்தில் வைத்துப் பார்த்தேன். சுட்டது. எடுத்துவிட்டேன். அவனுக்கு எடுக்கத் தெரியவில்லையே என்று ஒரு நொடி அவன்மேல் பாவமாக இருந்தது. உடனே என்மேலேயே எனக்கு எரிச்சல்.

அவனை நான் மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. மன்னிக்கமாட்டேன், சாகிறவரைக்கும் மாட்டேன். நீயும் என்னிடம் அதைக் கேட்காதே.

யுகேந்திரனைப் பார்க்க வரச்சொல்லி ஆள் அனுப்பினேன். போன வாரம் வந்தான், ஜிம்முக்குப் போன உடம்பை விறைத்துக்கொண்டு உட்கார்ந்தான். "அண்ணே, நீங்க வர்ற வரைக்கும் அவனை முழுசா விட்டுவைக்கிறோம்" என்றான். "விட்டு வைக்கத்தான்டா போற" என்றேன். புரியவில்லை. புரியவைத்தேன். அப்போதும் முணுமுணுத்தான். கேட்பானா என்று நூற்றுக்கு நூறு சொல்ல முடியாது. பையன்களோடு வந்தாலும் வருவான்.

அதனால் முடிவு இது. 27ஆம் தேதி வெளியே வந்ததும் வீட்டுக்கு வரமாட்டேன். என் அறையில் காளியம்மா அக்கா நிம்மதியாகப் படுக்கட்டும். நேராகச் சிகாமட் போகிறேன், ஆப்ரினின் ஆபீஸ் பையனோடு தங்கிக்கொள்கிறேன், ஐயாவே போன் போட்டுக் கேட்டுக்கொடுத்தார். 28ஆம் தேதி கோர்ட் திறக்கும் முன்பே வாசல் படியில் உட்கார்ந்துவிடுவேன். வெறும் கையோடு உட்காருவேன். மகேஸ்வரன் காரிலிருந்து இறங்கினால் அவன் என்னைத் தாண்டித்தான் மேலே ஏற வேண்டும், ஏறட்டும். அவனை அடிக்க வருகிறவன் யுகேந்திரனாக இருந்தாலும் சரி, என் கூடப் பிறந்தவனாகவே இருந்தாலும் சரி, அவனும் என்னைத் தாண்டித்தான் வர வேண்டும். வர முடியாது.

அந்தக் காட்சி எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மாமா திரும்பத் திரும்பப் போடும்போது நான் ஒவ்வொரு தடவையும் மீ வாங்கப் போகவில்லை. சில தடவை வாசலில் நின்று பார்த்தேன். ஏன் அந்தக் கிழவர் ஒன்றும் செய்யாமல் இருக்கிறார் என்று அப்போது கோபமாக வந்தது.

நீ கேட்டதற்குப் பதில் இதுதான் அக்கா. அவன் கையை நான் கெடுத்துவிட்டேன். அவன் நாக்கை ஒருத்தனும் தொட விடமாட்டேன். அது சேதாரம் இல்லாமல் உள்ளே போக வேண்டும். காளியம்மா அக்கா கேட்கிற தூரத்தில் நின்று, மாமா பெயரைச் சொல்லி, நீதிபதிக்குப் பதில் சொல்ல வேண்டும்.

வரும்போது மாமாவின் தொப்பியைக் கொண்டு வா. படியில் வெயில் அடிக்கும்.

உன் தம்பி
ரூபேந்திரன்